குருநகரில் சிக்கிய நூல்

புதன்கிழமை பின்னேரம் உன் கைப்பேசி என் மேசையில் ஒலித்தது. நீ இறந்து போய் நாலு மாதம். கைவேலைக் குழுவில் உள்ளவர்களுக்கு அந்த எண்தான் பழக்கம் என்று உன் மகள் அதை என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தாள். வந்தது ஒரு குரல் செய்தி. முதலில் தையல் மெசின் ஓடும் சத்தம், அதன் மேல் உஸ்ஸென்று ஓர் இரைச்சல், பிறகு குருநகர் சீலியின் குரல்.

"அக்கா, இந்த போன் இப்ப உங்களிட்டை எண்டு சொன்னவை. மெசின் கீழை நூலைக் கொத்துக் கொத்தாச் சிக்க வைக்குது. கீழ்நூல் பொபினை மூண்டு தரம் மாத்திப் போட்டன். ஞாயிறு பிள்ளைக்கு வேதக்கோயிலிலை முதல்நன்மை. சட்டை பாதியிலை நிக்குது. மெசின் திருத்திற ஆள் திங்கள்தான் வருவாராம்."

பொத்தான் தைக்கவே ஒழுங்காகத் தெரியாதவள் நான். உனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்த் திருநெல்வேலியில் உன் வீட்டு முன்னறைக்கு நான் முதலில் வந்தது செய்தி எடுக்கத்தான். மாதக் கடைசிச் சனிக்கிழமை, குழு கூடும் நாள். மேசை நிறையப் பைகள், தலையணை உறைகள், சேலைத் துண்டுகளில் தைத்த விரிப்புகள். எல்லாம் உட்புறம் வெளியே தெரியக் கிடந்தன. படம் எடுக்க ஒன்றைத் திருப்பினேன். கையைப் பிடித்தாய்.

"முகத்தை ஆரும் காட்டுவினம். முதுகைப் பாரடி. மெசினுக்கு என்ன வருத்தம் எண்டு அதுதான் சொல்லும்."

கரவெட்டியில் இருந்து வந்த ஒருத்தி, பையின் உட்புறத்தை அழகான துணியால் மூடித் தைத்திருந்தாள். "உள்ளுக்கை என்ன களவை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டே ஒரு மூலையைப் பிரித்துக் காட்டினாள். செய்தி வெளியான பிறகும் நான் தொடர்ந்து வந்தது பைகளுக்காக அல்ல, நீ கேட்கும் கேள்விகளுக்காக. "முதல் எப்ப நடந்தது? அதுக்கு முதல் என்ன மாறினது?" இப்படிக் கேட்க எங்கே படித்தாய் என்று ஒருமுறை கேட்டேன். தபால் கந்தோரில் வேலை செய்தபோது, காயிதம் வரவில்லை என்று வந்து நின்றவர்களிடம் கேட்டுக் கேட்டு என்றாய்.

சீலிக்கு நான் முதலில் எழுதியது இதுதான்: சத்தம் தெளிவில்லை, சன்னலைச் சாத்திவிட்டு இன்னொருமுறை பதிந்து அனுப்பும். அனுப்பினாள். மெசின் சத்தம் சுத்தமாகக் கேட்டது. ஆறு தரம் கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

மெசின் கடலைப் பார்த்த சன்னலோரம் இருந்தது. வாசலில் சீலியின் புருஷன் கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சட்டையின் மறுபக்கத்தைப் பார்த்தேன். தையல் நெடுக வெள்ளை நூல் கூடு கட்டியிருந்தது. "கீழை சிக்கினால் மேலை பார்" என்பாயே. மேல்நூலைக் கழற்றித் திரும்பக் கோர்க்கச் சொன்னேன். கண்மூடித் திறப்பதற்குள் கோர்த்துவிட்டாள். மிதித்தாள். திரும்பவும் கூடு.

"நான் சொன்னனான்தானே அக்கா, பொபின்தான்."

"முந்தியும் உப்பிடிச் சிக்கினதோ?"

"இல்லை. போன கிழமை பள்ளிக்கூடச் சட்டை தைச்சனான். ஒரு குறையுமில்லை."

"அதுக்குப் பிறகு என்ன மாறினது?"

"ஒண்டும் மாறேல்லை. துணிதான்."

"இன்னொருக்கால் கோரும். மெல்லமா."

இந்தமுறை அவள் செய்வதோடு செய்யாததையும் பார்த்தேன். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் கீழேயே இருந்தது.

"உந்தப் பாதத்தை ஏன் தூக்கேல்லை?"

"தூக்கினால் பறந்திடும் அக்கா. சோளகக் காத்து அடிக்கிற அடி தெரியாதே? சன்னலைச் சாத்தினால் வேர்வை துணியிலை விழுது. இந்தா, பாருங்கோவன்." தூக்கிக் காட்டினாள். சட்டைக்கு வைத்த மெல்லிய வலைத்துணி எழும்பிப் போய் அவள் புருஷனின் தலையில் விழுந்தது.

"எனக்கு ஒரு வலை காணாதெண்டோ இதையும் தாறாய்?" என்றார் அவர், அசையாமல்.

பாதம் கீழே இருந்தால் நூலை இறுக்கும் இரண்டு தகடுகளும் மூடியிருக்கும், நூல் இடையில் இறங்காமல் வெளியே தளர்ந்து ஓடும், தளர்ந்தது முழுக்கக் கீழே போய்ச் சேரும் என்று ஒரு சனிக்கிழமை நீ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத் துணி பாரம். அதற்குப் பாதத்தைத் தூக்கித்தான் கோர்த்திருக்கிறாள். இந்தத் துணி பறந்துவிடும் என்று பயம். புருஷன் எழும்பி வந்து இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொள்ள, சீலி பாதத்தைத் தூக்கிக் கோர்த்தாள். சாண் நீளம் தைத்துத் திருப்பினாள். கோடு நேராக இருந்தது. சிக்கிய தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

பஸ்சில் திரும்பும்போதுதான் உறைத்தது. முதல் செய்தியில் கேட்ட அந்த இரைச்சல் காற்று. காரணத்தை அவள் எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான்தான் அதை இடைஞ்சல் என்று எண்ணிச் சன்னலைச் சாத்த வைத்தேன். முப்பது வருஷம் செய்தி எழுதியவள் நான். நீ கேட்டிருந்தால் பிடித்திருப்பாயா? இந்த ஒன்றை உன்னிடம் கேட்க முடியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறை.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போனேன். பிள்ளைகளின் வரிசையில் சீலியின் மகள் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

நேற்றுத் தொண்டைமானாற்றில் இருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுடைய மெசின் காலையில் ஒழுங்காகத் தைக்கிறதாம், மத்தியானம் திரும்பினால் தையல் தப்புகிறதாம். இருக்கிறபடியே பதிந்து அனுப்பச் சொன்னேன். மெசினோடு ஒரு காகம் கேட்கிறது, யாரோ மா இடிக்கிறார்கள், தூரத்தில் மணி அடிக்கிறது. இதில் எது மெசினைச் சேர்ந்தது, எது சேராதது என்று எனக்கு இன்னும் தெரியாது.