ரயிலில் படித்த டைரி

ரேவதி அம்மா,

உங்கள் மகள் ரேவதியின் பள்ளி டைரி திங்கட்கிழமையிலிருந்து என் மேசையிலேயே கிடக்கிறது. இன்றுதான் திறந்தேன். நடுப்பக்கத்தில் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் மிஷின் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து உங்கள் விரலோடு வந்த வாசம். மேலே என் எழுத்து, கீழே உங்கள் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான்.

‘பக்கத்துப் பிள்ளையைக் கடித்தாள்.’ ‘மணி அடித்ததும் பெஞ்சைத் தள்ளினாள்.’ ‘சொன்னால் கேட்பதில்லை.’ எல்லாம் சிவப்பு மையில், முத்து முத்தாக. என் கையெழுத்தைப் பற்றி எனக்குப் பெருமை வேறு. மறுநாள் காலை பெற்றோர் கையெழுத்து இல்லாமல் வந்தால் வகுப்புக்குள் விடமாட்டேன்.

ஆவடியில் நம் பள்ளி கேட்டருகே ஒருநாள் தயங்கி நின்றீர்கள். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து, அவளை விட்டுவிட்டு, அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு.

“பெல் அடிக்கறதுக்கு முன்னாடி தோள தொட்டு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா அடங்கிடுவா டீச்சர். திடீர்னு சத்தம் கேட்டாதான் அவளுக்குத் தாங்காது.”

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு மட்டும் தனியாக மணியடிக்க முடியாது என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு ஓடினீர்கள். டைரியை ஒழுங்காகப் படிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் இப்போது என் காதிலேயே கேட்கிறது.

ஆடி மாதக் காய்ச்சல் மூன்றே நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. திங்கட்கிழமை ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் நம் சத்துணவு ஆயா. நெமிலிச்சேரியில் உங்கள் பெட்டியில் ஏறுவாரே, அவர்தான். இனி டைரியில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அதுதான் கவலை.

ஆயா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவங்கம்மாவுக்கு கையெழுத்து மட்டுந்தான் டீச்சர் போடத் தெரியும். நாந்தான் டெய்லி ட்ரெயின்ல படிச்சு காட்டுவேன். பொண்ணு பக்கத்துலயே குந்திகினு கேட்டுகினு இருக்கும். ‘நல்லதா எதுனா எழுதிக்கீறாங்களா பாருக்கா’ன்னு கடைசில அவங்கம்மா கேக்கும். நா இன்னா சொல்றது?”

காலை முதல் பீரியடில்தான் அவள் அதிகம் முரண்டு பிடிப்பாள். ஏனென்று யோசிக்காமல் அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன். நேற்றைய தப்பு அத்தனையையும் பெட்டி நிறைய ஆட்களுக்கு நடுவில் கேட்டுவிட்டு வரும் குழந்தை வேறு எப்படி வந்து உட்காரும்? ஒவ்வொரு நாளும் அவளை நானே கிளறிவிட்டுவிட்டு, நானே புகாரும் எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ரேவதி அம்மா.

திங்களிலிருந்து மணிக்கு முன்னால் தோளைத் தொட்டுச் சொல்கிறேன். அரை நிமிடம்கூட ஆவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். புதன்கிழமை என் கையையே கடித்தாள். ஆனால் மணிச் சத்தத்துக்குப் பெஞ்சைத் தள்ளவில்லை.

இன்னொன்று. வகுப்பு வாசலில் கலைந்து கிடக்கும் செருப்புகளை மதிய இடைவேளையில் அவள் ஜோடி ஜோடியாக அடுக்குவாள். நாற்பது ஜோடியில் ஒன்றுகூட மாறாது. நீங்கள் இருந்தபோதும் தினமும் செய்தாள். தினமும் நான் பார்த்தேன். எழுதத் தோன்றவில்லை.

இன்று நீல மையில் அதை எழுதி அவள் பையில் வைத்துவிட்டேன். நாளைக் காலை ஆயா ரயிலில் படிப்பார், ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். நீங்கள் தினமும் கேட்டது இந்த ஒரு வரியைத்தான். அது தினமும் என் கண்முன்னாலேயே இருந்தது.