பி பக்கம் மூன்றாவது பாட்டு

ஆர்.எஸ்.புரம், கோவை
12.11.1994

அன்புத் தோழி புவனாவுக்கு,

யாஸ்மின் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் சுகம்தானே? மற்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் பாட்டு.

தீபாவளிக்கு வந்த கேசட் அத்தனையையும் எங்கள் கடையில் உட்கார்ந்து கேட்டுத் தீர்த்துவிட்டேன். "கடை வெச்சிருக்கறது விக்கறதுக்கா, நீ கேக்கறதுக்காம்மா?" என்று அத்தா புலம்புகிறார். பெரும்பாலும் சப்பை. எதை எடுத்தாலும் மிஷின் தாளம். பாடுகிறவருக்கு மூச்சு வாங்கக்கூட இடம் விடுவதில்லை. ஒரு பாட்டில் கதாநாயகன் தாய் செத்துப்போய் அழுகிறான், பின்னால் கல்யாண பேண்டு போல டிரம்ஸ் அடிக்கிறார்கள். எனக்கு எரிச்சலில் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே ஒரு பாட்டு தப்பித்தது. படத்தில் கதாநாயகி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாடுகிறாள். காலேஜில் நாம் எந்தப் பாட்டையும் முதல் வரியால் சொன்னதில்லையே, டவுன் பஸ் பாட்டு, பல்வலிப் பாட்டு என்று நாமே பெயர் வைப்போமே, அதே வழக்கப்படி இதற்கு ஈரத்துணிப் பாட்டு என்று வைத்திருக்கிறேன். அதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடித்து எழுது. உனக்கென்று பதிந்த கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். பி பக்கம் மூன்றாவது பாட்டு.

உன்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. இப்போதெல்லாம் நீ என்னோடு சண்டையே போடுவதில்லை. நான் நல்ல பாட்டு என்றால் நீயும் நல்ல பாட்டு என்கிறாய். போன கடிதத்தில் மிஷின் தாளத்தைக்கூடப் புகழ்ந்திருந்தாய். அந்தச் சத்தம் பிடிக்காமல் காலேஜ் விழாவிலிருந்து பாதியில் எழுந்து போனவள் நீ. கல்யாணமானால் காதும் மாறிவிடுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
யாஸ்மின்


வெள்ளகோவில்
28.11.1994

அன்புள்ள யாஸ்மினுக்கு,

புவனா எழுதிக்கொண்டது. கேசட் உடையாமல் வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டை ஒட்டியே தறிக்கூடம் என்பது உனக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து பவர்லூம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நானும் ஒரு பக்கம் நின்று தறி பார்க்கிறேன்.

மாமியாருக்கு என்மேல் வருத்தம். "கோயமுத்தூர்ப் புள்ளையல்லொ, நாலுவாட்டி கூப்புட்டாத்தான் திரும்புவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பாலையும் அடிக்கடி பொங்கவிட்டுவிடுகிறேன். பாப்பா தூங்கும்போது அவள் காலை என் மடிமேல் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். அவள் அசைந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

ஈரத்துணிப் பாட்டு கேட்டேன். பிழியப் பிழிய நீர் வடியும் துணியாக மனசைச் சொல்கிற அந்தச் சரணம் ரொம்ப அழகு. நடுவில் வரும் புல்லாங்குழல் அப்படியே உருக்கிவிட்டது. நீ சொன்ன விசேஷம் அதுதானே?

அத்தாவுக்கு என் வணக்கம் சொல்.

என்றும் அன்புடன்,
புவனா


ஆர்.எஸ்.புரம்
17.12.1994

புவனா,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒருநாள், கேசட் பதிகிற எங்கள் ரெண்டாவது டெக்கில் ஹெட் பழுதாகி இருந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பதிந்த கேசட் எல்லாவற்றிலும் பி பக்கம் காலி. வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அத்தா தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். உன்னுடையதும் அதே நாள் பதிந்ததுதான்.

அதில் ஈரத்துணிப் பாட்டு இல்லை புவனா. எந்தப் பாட்டும் இல்லை. நீ உருகிப்போன புல்லாங்குழல் அசல் பாட்டிலேயே கிடையாது. அதில் எந்த வாத்தியமும் கிடையாது, முதலிலிருந்து கடைசிவரை வெறும் குரல் மட்டும். நான் சொல்லாமல் வைத்திருந்த விசேஷம் அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் பார்த்து எழுதினாயா? கேட்க நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருக்கப் போகிறேன்? உங்கள் ஊர் மரியாதையை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, என்னிடம் வேண்டாம். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல் "நல்லாருக்குங்க" என்று எனக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

இனி கேசட் அனுப்பமாட்டேன்.

யாஸ்மின்


வெள்ளகோவில்
2.1.1995

என் யாஸ்மினுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சந்தோஷத்தில் அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஏன் என்று சொன்னால் உன் கோபம் போய்விடும்.

பாப்பா பிறந்ததற்குப் பிறகு எனக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. முதலில் குழந்தைக்காரி அசதி என்று இருந்தேன். அப்புறம் தறிச் சத்தத்தால் வருகிற இரைச்சல் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் நீ பாட்டு அனுப்புவதை நிறுத்திவிடுவாய் என்று பயம். அது நின்றால் புவனா என்று ஒருத்தி இருந்ததே எனக்கு மறந்துபோகும்.

நீ அனுப்புகிற பாட்டை டேப் ரிக்கார்டர்மேல் உள்ளங்கையை வைத்துத்தான் கேட்கிறேன். மிஷின் தாளம் கைக்குத் தெரியும், கொஞ்சம் காதுக்கும் தெரியும். அதனால்தான் புகழ்ந்தேன். இந்தக் கேசட்டில் ஏ பக்கம் அப்படித் தெரிந்தது. பி பக்கம் திருப்பிப் போட்டேன். கைக்கும் ஒன்றுமில்லை, காதுக்கும் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்ததும் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். அதற்குமேல் டேப்பைத் தொடவே பயமாக இருந்தது. பாட்டுப் புத்தகத்தில் ஈரத்துணி வருகிற பாட்டைத் தேடிப் பார்த்துத்தான் உனக்கு எழுதினேன். குழல் உனக்குப் பிடிக்குமே என்று குழலையும் சேர்த்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் ஏ பக்கத்தை மறுபடி போட்டேன். தாளம் கேட்டது யாஸ்மின். பழுதானது உன் டெக் மட்டும்தான்.

பிறகு அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போய் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்பொ கேக்குதா புள்ள?" என்றார். வாயசைவில்தான் புரிந்தது. கரூர் டாக்டரிடம் கூட்டிப்போனார். பிரசவத்துக்குப் பின் சில பேருக்கு இப்படி ஆகுமாம். தறிச் சத்தம் அதை இன்னும் கெடுத்துவிட்டதாம். மிச்சம் கேட்பதும் நிலைக்காது என்றார் டாக்டர்.

எனக்கு ஒரு உதவி செய். பாப்பா பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், கொஞ்சுகிறார்கள். குரல் எப்படி என்று கேட்டால் "நல்லாருக்குதுங்க அம்மணி" என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நோன்பு ஆரம்பிப்பதற்குள் ஒருதடவை வா. அவள் குரலைக் கேட்டு, பாட்டுக்கு எழுதுவாயே, அதேபோல உள்ளது உள்ளபடி எனக்கு எழுது.

உன்,
புவனா


ஆர்.எஸ்.புரம்
27.1.1995

என் புவனாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கச்சாயத்தை அத்தாவே முக்கால்வாசி தின்றுவிட்டார். என் போன மாதக் கடிதத்தைக் கிழித்துப்போடு. அதை நினைத்தால் கூசுகிறது.

நான் கேட்பதற்காக உன் வீட்டுக்காரர் தறியை நிறுத்தி வைத்தாரே, அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

சன்னக் குரல் இல்லை. அடியில் கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்த மாதிரி. அது உன் குரல்தான். காலேஜ் நாளில் உன் வீட்டுக்கு வந்தால் நீ குளித்துக்கொண்டே பாடுவாயே, அப்போது கேட்பது. 'ர' இன்னும் வரவில்லை, ரயில் என்பதை யயில் என்கிறாள். கோபம் வந்தால் சுதி ஏறுகிறது. சிரிப்பு தொண்டையில் தொடங்காமல் வயிற்றிலிருந்து வருகிறது, முடிகிற இடத்தில் ஒரு விக்கல். அந்த விக்கலை எந்தப் பாடகிக்கும் சொல்லித்தர முடியாது. பின்னால் எந்த வாத்தியமும் வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை. அதையும் எழுதச் சொன்னாய். ஆத்தா என்று உன் மாமியாரையும், அப்பா என்று உன் வீட்டுக்காரரையும் அவள் வாய் நிறையக் கூப்பிடுகிறாள். உன்னைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. நேராக ஓடிவந்து முந்தானையை இழுக்கிறாள். அவள் கூப்பிடுவதை விட்டுவிடக்கூடாது புவனா. அவளை எதிரில் உட்காரவைத்து, டேப் ரிக்கார்டர்மேல் வைக்கிற கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு கூப்பிடச் சொல். தினமும் சொல்.

நான் கிளம்புகிற அன்று நீ முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு "ம்மா" என்றாள். கடைசியை இழுத்து, கேள்வி கேட்கிற மாதிரி. நீ திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி "ம்மா" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. "என்ன கண்ணு?" என்று நான் பதில் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்,
யாஸ்மின்