கேசட்டில் கேட்காமல் போன சொல்

என் அன்பான கேசட்டுக்காரருக்கு,

சவுதியிலிருந்து நீங்கள் கேசட்டில் பேசி அனுப்புவீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு எழுத்தில் பதில் போடுவேன். நீங்கள் காலமாகி மூன்று வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

நேமத்தான்பட்டி வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். ஒரு நாள் வைத்த ரசம் மறுநாளும் மிஞ்சுகிறது. ருசி எப்படி என்று சொல்லத்தான் யாருமில்லை.

பெருமையான சேதி ஒன்று. நம் மகன் வயிற்றுப் பேத்தி கயல், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரைச்சல் இல்லாத மைக்ரோவேவ் அலையை உண்டாக்குகிறாள். ரேடாருக்கெல்லாம் வேண்டுமாம். போன வாரம் வந்திருந்தாள். "வெளங்குற மாதிரிச் சொல்லுத்தா" என்றேன்.

"பிள்ளையார்பட்டித் திருவிழாவுல ரெண்டு நாயனம் சுருதி கொஞ்சம் ஒட்டாம ஊதுனா, நடுவுல மூணாவதா ஒன்னு அதிருமே, கேட்ருக்கியா அப்பத்தா?"

"காது குடையுமே!"

"அதேதான். நாங்க ரெண்டு லேசர் வெளிச்சத்த அப்படி விடுவோம். நடுவுல அலை பொறக்கும். ஒரு வெளிச்சத்த லேசா நகட்டுனா வேற அலை. அது நடுங்காம இருக்க, கிலோமீட்டர் கணக்கா கண்ணாடி இழையில வெளிச்சத்த ஓடவிட்டு, நடுக்கத்தக் கண்டுபிடிச்சு எலக்ட்ரானிக்ஸ் வச்சுத் திருத்துவோம்."

எனக்குப் பாதி புரிந்தது. இரைச்சலை அடக்குகிறவள் என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது. ஓடிப்போய் உங்கள் கடைசிக் கேசட்டை எடுத்து வந்து கொடுத்தேன். "நான் வந்ததும் நீயும் நானும் மட்டும்..." என்பீர்களே, அதன் பிறகு ஒரே கர்ர்ர் சத்தம்.

அந்தக் கேசட் வந்த அன்றே அந்த இடத்தில் இரைச்சல்தான். வீடே கூடி உட்கார்ந்து கேட்டது. பக்கத்தில் உங்கள் ஆத்தா. திருப்பிப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? நீங்கள் வந்த பிறகாவது கேட்டிருக்கலாம். கேலி செய்வீர்கள் என்று விட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம், கேட்கவே இல்லை. என்னதான் சொன்னீர்கள்?

கயல் அதை நம் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டி மூன்று தடவை கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

"என் வேலை வேற அப்பத்தா. அலை பொறக்கும்போதே சுத்தமாப் பொறக்க வைக்கிறது. டேப்புல அழிஞ்சுபோனத என்னால கொண்டாற முடியாது."

"அதுக்கு நீ ஏத்தா அழுகுற? தாத்தா என்னத்தச் சொல்லிருக்கப் போறாக, சினிமாவுக்குப் போவம்னுருப்பாக" என்று அவளைத் தேற்றினேன். அவள் பஸ் ஏறிய பிறகு என்னைத் தேற்ற ஆளில்லை.

இப்போது அவள் போனில் பேசும்போது ஒரு சொல் விட்டுப்போனாலும், "என்ன சொன்ன, திரும்பச் சொல்லு" என்று அப்போதே கேட்டுவிடுகிறேன். அங்கே வந்ததும் உங்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். சத்தியமாக வெட்கப்பட மாட்டேன், உங்கள் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்.

உங்கள் வீட்டுக்காரி,
கயலின் அப்பத்தா