சமையற்கட்டுச் சாவி

பிப்ரவரி 14, 1687

இன்று மடத்துச் சாப்பாட்டு மேசையில் புனிதையர் வரலாறு வாசிக்கும் முறை எனக்கு. சியேனா கத்தரீனம்மாள் உணவை வெறுத்த பகுதி. வாசித்துவிட்டு நிமிர்ந்தால் எல்லோர் கண்ணும் வெர்தியானா மேல். அவள் கிண்ணம் தொடாமல் கிடக்கிறது. மடத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், உண்ணாமலே வாழும் வரம் பெற்றவளாம். நான் இத்தனை வருடம் நோன்பிருந்தும் வயிற்றுவலிதான் மிச்சம்.

பிப்ரவரி 20

ஸ்பொலேத்தோ ஊரிலிருந்து வெர்தியானாவைப் பார்க்கக் கூட்டம். கம்பித் தடுப்பு வழியே அவள் விரலைத் தொட அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி என்னிடம், "நீங்க அவங்க கூடவே இருக்கீங்களா? குடுத்து வச்சவங்கம்மா" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21

ஆண்டவரே, ஏன் அவள்?

மார்ச் 3

பிடித்துவிட்டேன். கோழிகளுக்கு வைத்திருந்த ரொட்டித் துண்டுகளைச் சமையற்கட்டு மூலையில் நின்று தின்றுகொண்டிருந்தாள். என் மனம் துள்ளியது, பொய் சொல்வானேன்?

"மாட்டிக்கிட்டியா?"

"பசிக்குதுக்கா. சாப்பிட மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. காய்ச்சல்ல கஞ்சி இறங்கல, அவ்வளவுதான். மடத்துத் தாயார் அதை வரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப ஸ்பூனைத் தொட்டாலே முறைக்கிறாங்க."

மார்ச் 4

மடத்துத் தாயார் ஜெல்த்ரூதாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

"உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா, தோமித்தில்லா? இந்தா சமையற்கட்டுச் சாவி. இனி நீயே வச்சுக்க. உன்னைவிடக் கறாரா அவளை யார் பார்த்துக்குவா?"

திரும்பி வரும்போது முகம் எரிந்தது. அப்படியா தெரிகிறேன்? ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேனே.

மார்ச் 9

சமையற்கட்டைத் தாண்டிப் போனாள். என் இடுப்பில் தொங்கும் சாவியைப் பார்த்தாள். புனிதைதானே, பட்டினி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மார்ச் 12

பாடல் ஜெபத்தில் சரிந்து விழுந்தாள். "பரவசம்" என்று சகோதரிகள் முழந்தாளிட்டார்கள். தூக்கியது நான். கையில் கனமே இல்லை. பரவசமாம். பசிடி அது, பசி — வாய்வரை வந்தது.

செத்துப்போனால் இவளும் அந்தப் புத்தகத்தில் ஏறிவிடுவாள். மேசையில் நானே வாசிப்பேன். அதற்கும் என் கையால்தான் வழி செய்கிறேனா?

மார்ச் 13

எல்லோரும் மாலை ஜெபத்தில் இருந்தபோது, தலைவலி என்று சொல்லி வெளியே வந்தேன். அவள் அறைக்குச் சூப் கொண்டுபோனேன். முதல் வாய் நானே ஊட்ட வேண்டியிருந்தது. பிறகு கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உப்பு கம்மிக்கா" என்றாள், கண்ணில் நீர் வழிய.

திமிரைப் பார்.

மார்ச் 26

வெர்தியானாவின் கன்னத்தில் நிறம் ஏறியிருக்கிறது. மருத்துவர் வியந்துபோனார். ஒரு தேவதூதர் தினமும் அவளுக்கு உணவு கொண்டுவருகிறாராம், ஊரே பேசுகிறது. கோயில் சுவரில் ஓவியம்கூடத் தீட்டுகிறார்களாம். தங்க முடி, வெள்ளைச் சிறகு, நல்ல உயரம்.

கேட்டதும் மறுபடியும் வயிறு எரிந்தது, அந்தத் தங்கமுடிக்காரர் மேல்.

பயறு வெந்துவிட்டது. வெங்காயம் அரிய வேண்டும். ஜெபத்துக்கு மணி அடித்ததும் அவள் அறைக்கு எடுத்துப்போக வேண்டும்.