பதினோரு பேரும் கோல் முன்னால்

ஏப்ரல் 12, சனி

மறுபடியும் 0–0. தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமை.

இன்றைய ஆட்டத்தில் நான் பந்தைத் தொட்டது மொத்தம் நான்கு தடவை. அதில் ஒரு தடவை, கோட்டுக்கு வெளியே போன பந்தை யாருடைய நாயின் வாயிலிருந்தோ பிடுங்கியது. கோல்கீப்பர் என்று பேர். மற்ற நேரமெல்லாம் கையுறையை மாட்டிக்கொண்டு புல் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலையுதிர் காலத்தில் ஆறு கோல், ஏழு கோல் என்று போட்டுத் தள்ளினோம் இல்லையா, அதன் பலன் இது. நம்மோடு ஆட வருகிற ஒருத்தியும் இப்போது கோல் போட வருவதில்லை. பதினோரு பேரும் தங்கள் கோல் முன்னால் போய் நின்றுகொள்கிறார்கள். ரேஷன் வாங்க வந்த மாதிரி நெருக்கி.

ரக்னில்ட் உடை மாற்றும் அறையில் ஷூவைச் சுவரில் விட்டெறிந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. எலெக்ட்ரீஷியன். போன பருவத்தில் பதினான்கு கோல் போட்டவள். இந்த வசந்தத்தில் ஒன்றுகூட இல்லை.

“அஞ்சு பேர் என்னைச் சுத்தி நிக்கிறாளுங்கடீ. யார் யாரு என்ன சோப்பு போடுறாங்கன்னு சொல்லவா உனக்கு?”

ப்ரேபென் எங்கள் கோச். தபால்காரர். மனிதர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “பொறுமை. பந்தை விட்டுடாதீங்க. இப்படியும் அப்படியும் தட்டிக்கிட்டே இருங்க, வழி தானா வரும்” என்றார்.

தட்டினோம். தொண்ணூறு நிமிடம். வழியைக் காணோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று ஒன்பது பேருக்கு முடி வெட்டினேன். ஒன்பது பேரும் கோல் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாதிரியார் உட்பட.

ஏப்ரல் 26, சனி

1–1. அந்த ஒன்றும் எதிரணிக்காரி தன் கோலுக்குள் தானே தட்டிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். வேலையில்லாமல் நிற்பவளுக்குப் பார்க்க நேரம் இருக்கிறதே.

பந்து நம்மிடம் இருக்கும்வரை அவர்கள் அசைவதில்லை. சுவர்தான். ஆனால் அவர்களுக்குப் பந்து கிடைத்து, தூரமாக உதைத்துவிட்டார்கள் என்றால் — அப்போதுதான் மூச்சு விடுகிறார்கள்! ஒருத்தி இடுப்பில் கை வைக்கிறாள். ஒருத்தி வானத்தைப் பார்க்கிறாள். பிறகு எல்லோரும் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் வருகிறார்கள். அந்த ஐந்தாறு விநாடிக்கு அவர்களுக்குப் பின்னால் ஒரு மைதானமே காலியாகக் கிடக்கிறது. அதற்குள் நம் பெண்கள் சோர்ந்துபோய்த் திரும்பி நடக்கிறார்கள். நடக்காமல், உதைத்த பந்து விழுகிற இடத்தில் ஆள் நின்று, உடனே திருப்பி அடித்தால்?

வரும் வழியில் சாசேஜ் கடையில் ப்ரேபெனிடம் சொன்னேன். அவர் ரெமுலாட் சாஸ் வழிகிற விரலைத் தூக்கினார்.

“அதாவது பந்தை நாம வேணும்னே தொலைக்கணும்?”

“ஆமா.”

“ஒரு வருஷமா தொலைக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன், லோனே. நீ கையால ஆடறவ. விட்டுடு.”

விட்டுவிட்டேன். சாசேஜ் நன்றாக இருந்தது.

மே 8, வியாழன்

நிலவரம் இது. ஒரு வழியாக இரண்டு ஆட்டம் ஜெயித்தோம் — இரண்டும் கார்னரில் வந்த கோல், ரக்னில்ட் போட்டது அல்ல. கடைசி ஆட்டம் மே 31, லிங்ஸோ ஊர் அணியோடு. ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போவோம். ஜெயிக்காவிட்டால் இல்லை. லிங்ஸோவுக்கு டிரா போதும், பிரிவில் தங்கிவிடுவார்கள். தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். எப்படி ஆடுவார்கள் என்று கேட்கவா வேண்டும்?

லிங்ஸோவின் கேப்டன் பிர்த்தே. பன்றிப் பண்ணைக்காரி. எட்டு வருடமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை என் நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்பவள். அடுத்த முறை 22ஆம் தேதி. இது ப்ரேபெனுக்கும் தெரிந்துவிட்டது.

“சும்மா பேச்சுக் கொடேன். எந்தப் பக்கம் பலவீனம்னு.”

“என் கடை அதுக்கு இல்ல, ப்ரேபென்.”

“சும்மா பேச்சுத்தானே.”

வெளியே வந்த பிறகு ரக்னில்ட் சொன்னாள்: “இந்தப் பருவத்தோட நான் நிறுத்திக்கறேன்டீ. நின்னு நின்னு அலுத்துப்போச்சு.”

நிஜமாகவா சொன்னாள்? சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு சரியில்லை.

மே 22, வியாழன்

கேட்டுவிட்டேன். கழுத்துக்குப் பின்னால் கத்திரி ஓடும்போது, ஏதோ வானிலை பற்றிக் கேட்பது மாதிரி.

“உங்க ஆளுங்க எல்லாம் சௌக்கியமா? அடி கிடி ஒண்ணும் இல்லையே?”

பிர்த்தே கண்ணாடியில் என்னையே பார்த்தாள். எப்போதும் போல முகத்தில் ஒன்றும் இல்லை.

“கிர்ஸ்டனுக்கு முட்டி போச்சு. இடது பக்கம் நிக்கறாளே, அவதான். திரும்பவே முடியல. ஆனா வேற ஆளில்லயே, என்ன பண்றது?”

“அய்யோ பாவம்.”

“ஆமா. பாவம்.” காபியைக் குடித்தாள். “பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைச்சு விடு.”

மே 23, வெள்ளி

ப்ரேபெனிடம் சொன்னேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஏன் இவ்வளவு கேவலமாக இருக்கிறது? முட்டி வலிக்கிற ஒருத்தியைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன், சே.

மே 31, சனி

மாலை. உதடு வீங்கியிருக்கிறது. காபி குடிக்க முடியவில்லை. எழுத முடிகிறது.

முதல் பாதி முழுக்க கிர்ஸ்டன் பக்கமாகவே போனோம். முட்டி போன கிர்ஸ்டன்! வெள்ளாடு மாதிரித் துள்ளுகிறாள். ஒரு பந்தைக்கூட அவளைத் தாண்ட விடவில்லை. நாற்பது நிமிடம் ஆனபோது பிர்த்தே திரும்பி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் நிற்கிற எனக்குக் கையசைத்தாள்.

ஏமாற்றிவிட்டாள். என் நாற்காலியில், என் காபியைக் குடித்துக்கொண்டே!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் போயே போயிற்று.

இடைவேளையில் ப்ரேபென் முகம் தொங்கிக் கிடந்தது. “பொறுமை” என்று ஆரம்பித்தார். என்னால் முடியவில்லை.

“பொறுமையெல்லாம் அவங்ககிட்டயும் இருக்கு, நம்மளவிட ஜாஸ்தி. அவங்களுக்கு 0–0 போதும், சாயங்காலம் வரைக்கும்கூட நிப்பாங்க. பந்தை அவங்ககிட்டயே குடுங்க. உதைக்கட்டும். வெளிய வரட்டும். ரக்னில்ட் உள்ள நிக்க வேண்டாம், நடுக்கோட்டுகிட்ட நிக்கட்டும்.”

ரக்னில்ட்தான் எழுந்தாள்.

“ப்ரேபென், எனக்கு ஓடத்தான் தெரியும். நிக்க வெச்சு நிக்க வெச்சு என்னைக் கம்பமாக்கிட்ட. ஒரு தடவை ஓடிப் பாக்கறேனே.”

ப்ரேபென் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “சரி. தொலைங்க” என்றார். பந்தைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முதல் முறை அவர்கள் உதைத்த பந்து எங்கேயோ விழுந்தது. இரண்டாவது முறை உதைத்த பந்து எல்லோரையும் தாண்டி நேராக அவர்களுடைய ஒரே முன்னணிக்காரியிடம் போய்விட்டது. அவளும் நானும் மட்டும். அடித்தாள். கையால் பிடிக்க நேரமில்லை, முகத்தால் பிடித்தேன். உதடு கிழிந்தது. ஓரத்திலிருந்து ப்ரேபென், “இது உன் யோசனைதான்!” என்று கத்தினார்.

சரி, என் யோசனைதான். அதனால் நானும் வெளியே வந்தேன். கோலை விட்டு, நடுவட்டம் வரைக்கும். லிங்ஸோ ஆட்கள் சிரித்தார்கள்.

எண்பத்து மூன்றாவது நிமிடம். எங்கள் பெண் ஒருத்தி பந்தை வேண்டுமென்றே பிர்த்தேயின் கால்மேலேயே அடித்தாள். பிர்த்தே ஓங்கி உதைத்தாள். உதைத்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தி, “வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!” என்று கூவிக்கொண்டே முன்னால் ஓடி வந்தாள். பந்து என் நெஞ்சுக்கு வந்தது. நிறுத்தத் தெரியவில்லை, எப்படியோ கீழே விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பிர்த்தேயின் தலைக்கு மேலே.

ரக்னில்ட் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள். பிர்த்தே திரும்பினாள், திரும்பியபோது அவளுக்கு முன்னால் ரக்னில்டின் முதுகு மட்டும்.

1–0.

ரக்னில்ட் கத்தவில்லை, குதிக்கவில்லை. அவர்கள் கோலுக்குள்ளேயே வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போய்த் தூக்கினேன். “நிறுத்தப் போறியா இன்னும்?” என்றேன். “வாயில ரத்தம்டீ உனக்கு” என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

ஊரெல்லாம் கொடி. லிங்ஸோ கீழே இறங்கிவிட்டது. ஆட்டம் முடிந்து பிர்த்தே எல்லோருக்கும் கை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியேதான்.

ஜூலை 3, வியாழன்

பத்தரைக்கு பிர்த்தே வர வேண்டிய நாள். வரவில்லை.

எட்டு வருடத்தில் முதல் தடவை. பதினொன்றரை வரைக்கும் வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவிடவில்லை. என்ன பைத்தியக்காரத்தனம். ஆட்டம்தானே? நான் என்ன அவளிடமிருந்து திருடினேனா? பொய் சொன்னது யார், அவளா நானா?

இருந்தாலும்.

ஜூலை 10, வியாழன்

வந்தாள். முன்பதிவு இல்லாமல், காதை மூடிய முடியோடு. நேராக உட்கார்ந்தாள்.

“போன வாரம் பன்னி குட்டி போட்டுச்சு” என்றாள். “நீ என்னன்னு நெனச்ச?”

“நான் ஒண்ணும் நெனக்கல.”

“பொய் சொல்ல உனக்கு வரவே வராது, லோனே. அடி கிடி இல்லையேன்னு அன்னிக்கு நீ கேட்ட லட்சணம்! என் பன்னிங்களுக்கே புரிஞ்சிருக்கும்.”

இருவரும் சிரித்தோம். கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அவள் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னாள்:

“எங்க அணியைக் கலைச்சாச்சு. ஏழு பேர்தான் மிச்சம். கிர்ஸ்டன் கைப்பந்துக்குப் போயிட்டா.”

கத்திரியை மறுபடி எடுத்து வெட்டினேன்.

“மேல் பிரிவுல யார் யார் இருக்காங்கன்னு பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன்.”

“உங்களால நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. பொழுதன்னிக்கும் உங்க கோல் முன்னாடிதான் பொழப்பு. உங்கள்ல ஒருத்திக்காவது ஒழுங்கா நிக்கத் தெரியுமா?”

தெரியாது. அதை அவளிடம் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

“ப்ரேபென்கிட்ட நான் பேசறேன்” என்றேன்.

“நேத்தே பேசிட்டேன்” என்றாள் பிர்த்தே. “ஆனா உங்க அணிக்கு வரட்டுமான்னு உன்கிட்டதான் கேக்கணும்னு தோணிச்சு.”

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பயிற்சி. மழை. பிர்த்தே பண்ணையிலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்தாள். நான்கு பேர் இடுப்பில் கட்டி, ஒருத்தி நகர்ந்தால் நான்கு பேரும் நகர வேண்டும் என்றாள். முதல் கால் மணி நேரம் எல்லோரும் சேற்றில் விழுந்தார்கள். ப்ரேபென் குடைக்குள் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கயிறு இல்லாமல். ரக்னில்ட் பத்துத் தடவை ஓடி வந்தாள். பத்துத் தடவையும் பந்தை பிர்த்தே காலில் விட்டுவிட்டுப் போனாள். கடைசியில் மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

“இவ நெஜமாவே நம்ம ஆள்தானாடீ?”

“ஆமா” என்று ஆரம்பித்தேன்.

“லோனே,” பிர்த்தே திரும்பாமலே குரல் கொடுத்தாள், “பேச்சை விட்டுட்டு ரெண்டடி முன்னாடி வா. எனக்குப் பின்னால ரொம்பக் காலியா இருக்கு.”

போய் நின்றேன்.