சட்டை தூக்கியவருக்கு

அண்ணாச்சி,

இன்று காலை எதிர்வீட்டு மாடியில் ஒரு மூங்கில் கம்பின் நுனியில் நீலச் சட்டை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கொடிக் கயிறு அறுந்துபோய் யாரோ மாட்டியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் தோசை கருகிவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. கருகியதையே தின்றுவிட்டு மதுரை நீதிமன்றத்துக்குக் கிளம்பினேன்.

உங்களை முதலில் பார்த்தது பாளையங்கோட்டைச் சிறையில். உங்கள் வலையை அறுத்துக்கொண்டு போன விசைப்படகுக்காரரோடு கரையில் நடந்த அடிதடிக்காகக் குண்டர் சட்டத்தில் போட்டிருந்தார்கள். அது செல்லாது, விடுவிக்க வேண்டும் என்று சிறையிலிருந்தே ஆட்கொணர்வு மனு அனுப்பியிருந்தீர்கள். எடுத்துப் பேசத்தான் வக்கீல் இல்லை. இலவச வக்கீல் கேட்டு எழுதச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்களாம். மற்றவர்கள் பிள்ளைகுட்டி, வறுமை என்று பக்கம் நிறைய எழுதுவார்கள். நீங்கள் எழுதியது ஒரே வரி: 'சட்டை தூக்கியிருக்கிறேன், பார்த்தவர் வரவும்.'

யாருக்கும் புரியவில்லை. புத்தி சரியில்லாத ஆள் என்று தாளை ஓரமாக வைத்துவிட்டார்கள். நீங்களும் மறுபடி கேட்கவில்லை. உங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வக்கீல் கிடைத்து வெளியே போனார்கள். நீங்கள் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தீர்கள். ஒருவழியாக அந்தத் தாள் இலவச சட்ட உதவி வக்கீலான என் கைக்கு வந்தபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

"என்ன அண்ணாச்சி, இப்படியா எழுதுவிய?"

"இஞ்சின் நின்னுட்டா கம்புல சட்டையக் கட்டித் தூக்குவோம் மேடம். பாக்கிறவன் போட்ட வலையப் போட்டபடி விட்டுட்டு வருவான்."

"வரலன்னா இன்னொரு தடவ கேக்க வேண்டியதுதான?"

"தூக்குனது நிக்குதுல்லா. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

"கடல்ல இருக்கவனுக்குத்தான் அது தெரியும். நான் ஆறுமுகநேரி உப்பளத்துக்காரி. கடலக் காயப்போட்டு அள்ளத்தான் எங்களுக்குத் தெரியும்."

அன்றைக்குத்தான் நீங்கள் சிரித்து நான் பார்த்தேன்.

உங்களுக்குக் கொடுத்த தடுப்புக் காவல் ஆணையின் தமிழ் நகலில் ஒரு பக்கம் படிக்கவே முடியாமல் மங்கிக் கிடந்தது. எதற்கு அடைத்தார்கள் என்று தெரியாதவர் எப்படி மறுப்பு எழுதுவார் என்று நீதிமன்றத்தில் கேட்டேன். ஆணை ரத்தானது. சிறை வாசலில் நீங்கள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "வந்துட்டியள்லா" என்றீர்கள், அவ்வளவுதான்.

மறு வருடமே உங்கள் வீட்டம்மா போனில் கூப்பிட்டார்கள். பெரியதாழைக்குத் தெற்கே பேய்க்காற்று. தூரத்தில் ஒரு விசைப்படகில் சட்டை தெரிய, வள்ளத்தைத் திருப்பியிருக்கிறீர்கள். கயிறு கட்டும்போது அலை தூக்கி அடித்ததில் இரண்டு படகுக்கும் நடுவில் விழுந்துவிட்டீர்கள். படகிலிருந்தவர்கள் எல்லோரும் பிழைத்துக் கரை சேர்ந்தார்கள். படகு, உங்கள் வலையை அறுத்து உங்கள் மேலேயே புகாரும் கொடுத்த அதே ஆளுடையது.

"யாரு படகுன்னு அண்ணாச்சிக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"கிட்ட போனா தெரியாமலா இருக்கும் மேடம்? அதுக்காவத் திரும்பி வந்துருவாகளா?"

கல்லறைத் தோட்டத்தில் ஊரே அழுதது. நான் உங்கள் வழக்கு எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அதைத் தவிர ஒன்றும் ஓடவில்லை. மரத்துப்போயிருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது அண்ணாச்சி. வழக்கு நடத்துகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எனக்கு நடப்பது மாதிரியே இல்லை.

இன்று மதியம் அதே சிறையிலிருந்து ஒரு தாள் வந்தது. வக்கீல் கேட்டுத்தான் இருக்கும். பெயரும் கைதி எண்ணும் தவிர ஒரு வார்த்தை இல்லை. ஒழுங்காக எழுதி அனுப்பச் சொல்லித் திருப்பிவிடலாம் என்றார் குமாஸ்தா.

"வேண்டாம், நானே போறேன்."

"இப்பவேயா? ஆளு யாரு மேடம், தெரிஞ்சவங்களா?"

"தெரியாது" என்றேன். மேசையில் விரிந்து கிடந்த வழக்குக் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கோவில்பட்டி தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.