மாளிகையம்மாள் சிரித்து வழியனுப்புகிற இடம்

என் அருமை மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் வராமல், வயிறு வாடாமல், மனசு நோகாமல் நீ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. போனில் பேசினால் போதாதா, எதற்கு இந்தக் காகிதமும் தபால் தலையும் என்று கேட்பாய். போனில் எனக்குப் பேச வரவில்லை கண்ணு, ஏதோ வழிப்போக்கரிடம் விசாரிக்கிற மாதிரி சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன், வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசை கட்டி வருகிறது, அதையெல்லாம் சுவரிடமா சொல்ல முடியும். நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். உன் கதைப் புத்தகத்தைத் தையற்கூடத்தில் வாசித்துக் காட்டி, எழுதியது நீதான் என்று மூச்சு விடாமல், அவர்கள் சொல்கிற அபிப்பிராயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னாய், அது ஒன்று. அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்லி உன் ஆபீசில் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா, நீ என்னம்மா சொல்றே என்றாய், அது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் எழுதப் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை, அதனால் முதலில் உன் கதையில் வருகிற சீமான்களையும் சீமாட்டிகளையும் கவனிக்கிறேன்.

எங்கள் கூடத்து வழக்கம் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஷின்களை நிறுத்திவிட்டுக் கைவேலைக்கு உட்காருவோம், பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் வைப்பது, பாவாடைக்கு ஓரம் தைப்பது, பிசிறு நூல் வெட்டுவது. அந்த நேரத்தில் ஒருத்தர் கதை வாசிக்க வேண்டும், வாசிக்கிறவர் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பிரித்து எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். என் குரல் தெளிவாக இருக்கிறதாம், அதனால் நான்தான் வாசிப்பு. இதில் ஒரு வம்பு இருக்கிறது பார், சும்மா கேட்கிறவர்கள் என்றால் பிடிக்காவிட்டாலும் சும்மா இருப்பார்கள், இவர்கள் என் பட்டனையும் சேர்த்துத் தைத்துவிட்டுக் கேட்கிறார்கள், கதை சரியில்லை என்றால் விடுவார்களா. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற அக்கா இருக்கிறாளே, அவள் வாய்க்கு யாருமே தப்ப முடியாது. அப்புறம் கட்டிங் மாஸ்டர், எங்கள் கூடத்துக்கு ஒரே ஆண்பிள்ளை, கதையெல்லாம் நமக்கெதுக்கு என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலைச் சத்தம் வராமல் வைப்பார். அப்புறம் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண், கல்யாணமாகிப் புருஷன் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள், எல்லோரும் புதுசு என்றே கூப்பிடுகிறோம்.

இப்போது திட்டாமல் கேள். முதல் நாள் உன் புத்தகத்தைப் பிரித்து முந்தின ராத்திரி வீட்டில் படித்துவைத்திருந்த பக்கங்களை வாசிக்க ஆரம்பித்தேன். உன் கதாநாயகன் சின்னப் பிரபு குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருத்தனை இடித்துவிடுகிறான், நீதிபதி முன்னால் நின்று பழியைத் தோழன் தலையில் போடுகிறான். உன் சீமாட்டியோ, தலை வாரும்போது சிக்கில் சீப்பு இழுபட்டதற்கு வேலைக்காரப் பெண்ணைப் பளாரென்று கன்னத்தில் அறைகிறாள். அடி பாவி, இவர்கள் இரண்டு பேரும் காதலிக்கிறதைத்தான் நாங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டுமா என்று இந்தக் கூடமே எழுந்து உன்னை ஏசும் என்று பயந்துவிட்டேன். அட்டையில் உன் பெயர் இல்லாமல் புனைபெயர் இருந்தால் என்ன, ஏச்சு விழுவது என் காதில்தானே. அதனால் வாசிக்கும்போதே நைசாக வெட்டினேன். குடியை விட்டுவிட்டேன். அறையை விட்டுவிட்டேன். நீதிபதி முன்னால் அவன் உண்மையைச் சொன்னான் என்று நானே ஒரு வரி போட்டு வாசித்தேன். வேலைக்காரி கோபித்துக்கொண்டு போகிற இடம் வந்ததும், அவள் தங்கைக்குக் கல்யாணம், லீவு போட்டாள் என்று சமாளித்தேன். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் தோழன் ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறானே, இவன் உண்மையைச் சொன்னான்னா அவன் ஏன் உள்ளே போனான் என்று ஓவர்லாக் அக்கா பிடித்துக்கொண்டாள். அச்சுக்காரன் பக்கத்தை மாத்திப் போட்டுட்டான் போலிருக்கு என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

விளைவு என்ன தெரியுமா, ஒருவருக்குமே கதை பிடிக்கவில்லை. இந்தப் பிரபு என்ன பிரபு, பாலும் தண்ணியுமா இருக்கானே என்றாள் அக்கா. புதுசு பட்டன் தைத்தபடியே தூங்கி விரலில் குத்திக்கொண்டாள். இதுக்கு நம்ம மளிகைக் கடைக்காரர் அளக்கிற கதையே தேவலாம் என்றார் மாஸ்டர். எனக்கு ஆத்திரமான ஆத்திரம், என் பெண் ராத்தூக்கம் விட்டு எழுதியது என்று கத்திவிடலாமா என்று வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. உனக்குச் சொல்லவில்லை. எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன், படியில் காலடிச் சத்தம் கேட்டால் நம் வீட்டுக்குத்தானோ என்று காதைத் தீட்டிக்கொள்வேன், மேல் மாடிக்காரர்கள் கடந்து போவார்கள். நீ போன் செய்தபோது குரல் ஏன் கம்மியிருக்கு என்று கேட்டாய். கூடத்துல துணித்தூசி கண்ணு, இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன் என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். வைத்த பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், நீ மறுபடி கூப்பிட்டு, பொய் சொல்லாதம்மா என்று அதட்ட மாட்டாயா என்று இருந்தது.

காய்ச்சல் விட்டு நான் கூடத்துக்குப் போனால், படி ஏறும்போதே ஓவர்லாக் அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், வாங்க வாங்க மகாராணி, என்னென்னத்தை முழுங்கினீங்கன்னு சொல்லிட்டு உட்காருங்க என்கிறாள். நான் வராத நாட்களில், அங்கேயே விட்டுவந்த புத்தகத்தை எடுத்து மாஸ்டர் வாசித்திருக்கிறார், அந்த மனுஷனுக்கு ஒளிக்க மறைக்கத் தெரியாது, அச்சில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டார். வாசிக்க வாசிக்க, இந்தப் பொம்பள எப்ப அறைஞ்சா, இவன் எப்பக் குடிச்சான் என்று கேள்வி கிளம்பி, முன் பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, என் தில்லுமுல்லு அத்தனையும் வெளியே வந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளும் கேட்கிற இடமாச்சே, நல்லதா இருக்கட்டும்னு பார்த்தேன் என்று உளறினேன். நாங்க என்ன தொட்டில்லயா கிடக்கோம் என்றாள் அக்கா. தண்டனை என்னவென்றால், முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும், ஒரு எழுத்து விட்டாலும் என் பட்டனை நானே தைத்துக்கொள்ள வேண்டும்.

வாசித்தேன். நீ கேட்ட அபிப்பிராயம் இப்போதுதான் வருகிறது, சந்தோஷமாகப் படி. அந்த அறை விழுந்த இடத்தில் அக்கா கையில் இருந்த ஊசி அப்படியே நிற்கிறது, இவ கையை ஒடிச்சா என்ன என்றாள், ஆனால் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து ம்ம், அந்த ராட்சசி என்ன பண்ணினா என்று கேட்டவளும் அவள்தான். சின்னப் பிரபு ஜெயில் கம்பிக்கு வெளியே நின்று தோழனிடம், நான் கோழைடா என்கிறானே, அங்கே புதுசு மூக்கைச் சிந்தி விற்பனைக்குப் போகிற சட்டையிலேயே துடைத்துவிட்டாள். மாஸ்டருக்கு மட்டும் ஒரு குறை, அவன் போட்டிருக்கிற அங்கிக்குத் தரை வரைக்கும் துணி இருக்கே, அதை இழுத்துக்கிட்டு ராத்திரியில சீமாட்டி வீட்டு மதில் எப்படி ஏறுவான் என்று. ஆசை இருந்தா ஏறுவான், நீங்க ஏறாததாலதான் இன்னும் ஒண்டிக்கட்டையா இருக்கீங்க என்று அக்கா சொல்ல, அவருக்குக் காது சிவந்துவிட்டது. இவ்வளவு தப்பு பண்ணிட்டும் இதுங்களைப் பிடிச்சுப்போகுதே, எழுதினவ கைகாரிதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். என் உச்சி குளிர்ந்தது. என் குறை ஒன்று, உன் பிரபுக்கள் யாருக்கும் வேலைவெட்டியே கிடையாதா, பொழுது விடிந்தால் குதிரை ஏறிவிடுகிறார்களே.

ஆனால் கடைசி அத்தியாயம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதாவிட்டால் மறுபடியும் வெட்டின கணக்காகிவிடும். ஊர் வாயில் விழுந்து அவமானப்பட்டு பிரபுவும் சீமாட்டியும் கப்பலேறிப் போகிறார்கள் அல்லவா, அப்போது சீமாட்டியின் அம்மா, புருஷனை இழந்து அந்தப் பெரிய மாளிகையில் தனியாக இருக்கிறவள், வாசல்படியில் நின்று சிரித்த முகமாக, எனக்கென்ன குறை, நீ சந்தோஷமாகப் போ மகளே என்று வழியனுப்புகிறாள். அப்புறம் உள்ளே போய்ப் பூச்சாடியில் பூ மாற்றுகிறாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. இது துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மை, இதுக்கு உசுரில்லை என்றார் மாஸ்டர். நான் கிளம்பினப்ப எங்கம்மா என் பெட்டி மேல ஏறி உட்கார்ந்துகிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாங்க, எனக்குக் கோபமாக் கோபம், இப்ப நினைச்சா அது ஒண்ணுதான் மனசுக்குத் தெம்பா இருக்கு என்றாள் புதுசு. ஓவர்லாக் அக்கா சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது, அத்தனை பேரையும் ரத்தமும் சதையுமா எழுதினவளுக்குப் பெத்தவளை மட்டும் எழுதத் தெரியலையே, பாவம், அவ அம்மா அழுது அவ பார்த்ததே இல்லை போலிருக்கு என்றாள். எழுதினவளின் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும். உன் பொண்ணும் வெளியூர்லதானே இருக்கா, அவ கிளம்பினப்ப நீ எப்படி இருந்தே என்று என்னையே கேட்டாள். நானும் சிரிச்சுத்தான் அனுப்பினேன் என்றேன். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, மறுபடியும் வெட்டறியா என்றாள்.

அதனால் இதை வெட்டாமல் எழுதுகிறேன். விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நீ திரும்பிப் பார்த்தாய், நான் சிரித்துக் கையாட்டினேன், நீ பார்த்தது அவ்வளவுதான். நீ மறைந்ததும் அங்கே இருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். தரை துடைக்கிற ஒரு அம்மா வந்து, காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்க என்றாள், தூக்கினேன். அவள் துடைத்துக்கொண்டே அந்தக் கோடி வரை போய்விட்டுத் திரும்பி வருகிறாள், நான் தூக்கின காலை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், இறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள்தான் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் காலைப் பிடித்து மெள்ளக் கீழே வைத்தாள். அப்புறம் அழுதேன் பார், கேவிக் கேவி, முன்பின் தெரியாத அவள் தோளில் சாய்ந்து. உன் அப்பா போனபோதுகூட நீ பக்கத்தில் இருந்தாய் என்று அப்படி அழவில்லை. இப்போதும் அப்படித்தான், கூடத்தில் இத்தனை பேச்சும் சிரிப்பும், சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கிறது, நகர்த்த ஒரு ஆளில்லை. லீவு நாளில் பேச்சுத் துணை இல்லாமல், குரல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நானே ம் என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை கண்ணு. ஒருநாளும் பிடித்ததில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நீ வந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆசையைச் சொன்னேனே தவிர உத்தரவு போடவில்லை, நீ படித்த படிப்பும் பட்ட பாடும் எனக்குத் தெரியாதா, அந்த வேலை உனக்கு எவ்வளவு உயிர் என்றும் தெரியும். புதுசின் அம்மா பெட்டி மேல் உட்கார்ந்தாள், ஆனால் புதுசு வந்து சேரத்தானே செய்தாள். நீயும் கையெழுத்துப் போட்டால் போடு, நான் சாபம் விடப் போவதில்லை, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். ஆனால் அம்மா சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போடாதே. சம்மதிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு போடு.

எங்கே இருந்தாலும் நீ ஒரு குறையும் இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், உன் பேனாவுக்கு மேலும் மேலும் பெருமை வர வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. புத்தகம் மறுபடி அச்சாகிறது என்றாயே, மறக்காமல் அந்த மாளிகையம்மாளை ஒருமுறை திருத்திவிடு, வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வேண்டுமானால் சிரிக்கட்டும், அதற்கப்புறம் அவளைக் கொஞ்சம் அழ விடு.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கத் தவிக்கிற
அம்மா